படத்தின் முதுகில் எழுதியிருப்பது

பழைய போட்டோக்களை எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்தபடியாகப் படத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பார்கள். "சௌபாக்கியவதி மீனாட்சியின் விவாகம், கும்பகோணம், வைகாசி மாதம்" என்று மங்கிய மசியில் இரண்டு வரி இருந்துவிட்டால் அந்தப் படத்துக்கு உயிர் உண்டு. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாலோ, படத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும், இரண்டு தலைமுறைக்குப் பிறகு 'யாரோ ஒரு தாத்தா' ஆகிவிடுகிறார்.

இக்காலத்துச் செல்போன் படத்துக்கு முதுகு ஏது என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். முதுகு உண்டு, அதில் எழுத்தும் உண்டு. நாம் எழுதவில்லையே என்றால், நம்மைக் கேட்காமலேயே கருவி எழுதிவிடுகிறது என்பதுதான் விசேஷம். எடுத்த நாள், மணி, நிமிஷம், வினாடி. எந்தக் கம்பெனி செய்த எந்த மாடல் கருவி. எத்தனை நேரம் வெளிச்சம் உள்ளே விழுந்தது. பிளாஷ் விளக்கு எரிந்ததா, இல்லையா. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்தவர் பூமியில் எந்த இடத்தில் நின்றார் என்பது வரையில் அதில் பதிவாகிவிடக் கூடும்.

இதற்கு 'மெட்டாடேட்டா' என்று பெயர். தமிழில் 'மீத்தரவு' என்கிறார்கள். பெயரைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டாம். கடிதத்துக்கு உறை எப்படியோ அப்படியே படத்துக்கு இது. உள்ளே இருக்கும் சமாசாரம் படம். உறையின் மேல் விழுந்த தபால் முத்திரை மீத்தரவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தபால் முத்திரை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதுவோ தேடுகிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

இந்த வாரம் இதைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் இதுதான்: வீட்டுக்குள் இருக்கும் வரையில் இந்தக் குறிப்பு ஒரு பொக்கிஷம், வீதிக்கு வந்தால் அதுவே ஒற்றன். நம் குடும்பங்களிலோ பொக்கிஷத்தைத் தெரியாமல் அழித்துவிட்டு, ஒற்றனைத் தெரியாமலே ஊருக்கு அனுப்பிக் கொண்டிருக்கிறோம்.

* * *

படத்தோடு குறிப்பையும் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 1914-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கோடக் கம்பெனியார் 'ஆட்டோகிராபிக்' என்ற காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதன் பின்புறத்தில் ஒரு சின்னஞ்சிறு கதவு இருக்கும். படம் எடுத்தவுடன் கதவைத் திறந்து, உலோகக் குச்சியினால் ஊரும் தேதியும் எழுதி, சில வினாடி வெளிச்சம் காட்டி மூடிவிட வேண்டியது. பிலிமைக் கழுவும்போது இரண்டு படங்களுக்கு நடுவே அந்த எழுத்தும் வந்து நிற்கும். இந்த யுக்தியைக் கண்டுபிடித்த ஹென்றி கெய்ஸ்மன் என்பவருக்குக் கோடக் கம்பெனி கொடுத்த தொகை 3 லட்சம் டாலர்! ஆனால் ஜனங்கள் படம் எடுப்பதில் காட்டிய சுறுசுறுப்பை எழுதுவதில் காட்டவில்லை போலும். 1932-ம் ஆண்டோடு அந்த ஏற்பாடு முடிந்து போயிற்று.

மனிதனின் சோம்பலை மாற்ற முடியாது என்று கண்ட பின்பு, எழுதும் வேலையைக் கருவியிடமே ஒப்படைத்தார்கள் ஜப்பானியர். 1995-ம் ஆண்டு அங்குள்ள மின்னணுத் தொழில் அபிவிருத்திச் சங்கம் 'எக்ஸிஃப்' என்னும் விதிமுறையை வெளியிட்டது. காமிரா செய்கிற கம்பெனிகள் ஆளுக்கொரு விதமாக எழுதாமல், எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று உலகெங்கும் செல்போன்களும் காமிராக்களும் எழுதுவது அந்த விதிப்படிதான்.

அது எப்படி எழுதப்படுகிறது என்பதும் சுவையான விஷயம். 'ஜேபெக்' என்று நாம் சாதாரணமாகக் கையாளும் படக் கோப்பின் ஆரம்பத்தில், படம் தொடங்குவதற்கு முன்பாகவே, இந்தக் குறிப்புக்கென்று ஒரு சிறு அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த அறையில் 64 கிலோபைட்டுக்கு மேல் இடம் இல்லை. உள்ளே பட்டா, சிட்டா போல எண் போட்ட கட்டங்கள். 271 என்ற எண்ணுக்கு நேரே கருவி செய்த கம்பெனியின் பெயர்; 272-க்கு நேரே மாடல்; 36867-க்கு நேரே படம் எடுத்த நேரம். 34853 என்ற எண் இருந்தால் அங்கிருந்து வழி பிடித்து, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளுக்குப் போய்ச் சேரலாம்.

274-வது கட்டம் ஒரு வேடிக்கையான கட்டம். செல்போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல கருவிகள் படத்தைப் படுக்கை வாட்டிலேயே பதிவு செய்துவிட்டு, "பார்க்கும்போது திருப்பிக் காட்டுக" என்பதற்கு அடையாளமாக இந்தக் கட்டத்தில் 1 முதல் 8 வரையுள்ள ஓர் எண்ணை எழுதிவிடுகின்றன. அதைப் படிக்காத இயந்திரத்தில் படத்தைத் திறந்தால், நின்று கொண்டிருந்த பாட்டனார் படுத்துக் கொண்டிருப்பார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். கெட்டது ஒன்றுமில்லை, கருவி எழுதியதை அது படிக்கவில்லை, அவ்வளவுதான்.

* * *

கருவி எழுதியது என்பதனாலேயே அது வேதவாக்கு என்று கொள்ளவும் கூடாது. தன்னிடம் உள்ள கடிகாரம் காட்டுவதையே கருவி எழுதும். அந்த மணி எந்தத் தேசத்து மணி என்று எழுதுவதற்கு 2016 வரையில் எக்ஸிஃப் விதியில் கட்டமே கிடையாது.

இதனால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா வருகிறார். கையில் நல்ல காமிரா. அதன் கடிகாரத்தை நம் ஊர் மணிக்குத் திருப்பி வைக்க அவருக்கு அவகாசம் இல்லை. சிங்கப்பூர் மணி நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. காலை 9 மணிக்கு மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். மாமாவின் காமிரா 11-30 என்று எழுதுகிறது. 11 மணிக்குப் பந்தியில் மாப்பிள்ளை சாப்பிடுவதை அத்தையின் செல்போன் சரியாகவே எழுதுகிறது. எல்லாப் படங்களையும் ஒன்று சேர்த்து நேர வரிசைப்படி அடுக்கினால், சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகு கல்யாணம் நடக்கிறது! இதைத் திருத்துவது எளிது. மாமாவின் படங்கள் அனைத்துக்கும் இரண்டரை மணியைக் கழித்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் தவறு எங்கே என்று முதலில் தெரிய வேண்டுமே?

அதைப் போன்றதே பழைய படங்களின் கதையும். 1946-ல் எடுத்த படத்தை 2024-ல் ஸ்கான் செய்தால், இயந்திரத்துக்குத் தெரிந்த தேதி ஸ்கான் செய்த தேதியேயன்றி, படம் எடுத்த தேதியன்று. ஆகவே முப்பாட்டனார் போன வருஷம் பிறந்த குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொள்வார். அவருக்கு உரிய ஆண்டை நாமேதான் உள்ளே எழுதி வைக்க வேண்டும்.

* * *

இனி ஒற்றன் சங்கதிக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் வைரஸ் தடுக்கும் மென்பொருளுக்குத் தம் பெயரையே சூட்டிப் பிரசித்தி பெற்ற ஜான் மக்காஃபி என்பவர், 2012-ம் ஆண்டு மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டில் வசித்து வந்தார். அவருடைய அண்டை வீட்டுக்காரர் நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரிப்பதற்காகப் போலீசார் தேடவே, மக்காஃபி தலைமறைவானார். 'வைஸ்' என்ற பத்திரிகையின் நிருபர்கள் அவரைச் சந்தித்து, டிசம்பர் 3-ந் தேதி அவருடன் எடுத்த ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருக்குமிடத்தை எழுத்தில் சொல்லவில்லை. ஆனால் படத்தின் முதுகில் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே இருந்தன! வாசகர்கள் அதைப் படித்து, ஆள் குவாதமாலா நாட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு நாளில் அந்நாட்டுப் போலீசார் அவரைப் பிடித்தார்கள். உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவல் போட்ட மனிதரை ஒரு போட்டோ காட்டிக் கொடுத்தது.

அதைவிடப் பெரிய நஷ்டம் 2007-ல் இராக்கில் நேர்ந்தது. தங்கள் தளத்துக்குப் புதிதாக வந்திறங்கிய ஹெலிகாப்டர்களை அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். படங்களில் இருந்த இடக் குறிப்பைக் கொண்டு எதிரிகள் குறி பார்த்துப் பீரங்கிக் குண்டுகளை வீசி, நான்கு 'அப்பாச்சி' ஹெலிகாப்டர்களை அழித்தார்கள். 2012-ல் அமெரிக்க ராணுவமே தன் வீரர்களுக்கு எச்சரிக்கையாக இதை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

"நாம் தலைமறைவானவர்களும் அல்ல, சிப்பாய்களும் அல்ல, நமக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைச் சற்றுப் பார்ப்போம். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. அதையும் அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை. பூமியின் மேல் ஒரு விகலை என்பது ஏறத்தாழ 31 மீட்டர். செல்போனோ விகலையையும் பின்னமாக்கி எழுதுகிறது. திறந்த வெளியில் அது காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் சரியாயிருக்கும். அதாவது, ஊர் அன்று, தெரு அன்று, வீட்டு வாசலே அதில் எழுதப்பட்டிருக்கிறது.

வீட்டில் உள்ள பழைய வீணை ஒன்றை விற்க விரும்பி, கூடத்தில் வைத்துப் படமெடுத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு இ-மெயிலில் அனுப்புகிறோம். வீணையோடு வீட்டு விலாசமும் போய்ச் சேருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை வாசலில் நிறுத்திப் படமெடுத்து அனுப்புகிறோம். குழந்தை எங்கே வசிக்கிறது என்பது மட்டுமல்ல, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது என்பதும் அதில் இருக்கிறது. பெண்கள் தனியே வசிக்கும் வீடுகளில் இது எவ்வளவு அபாயம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் வேண்டாத பகுதியை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாயிருப்பதற்கும் இல்லை. எக்ஸிஃப் அறைக்குள் அந்தப் படத்தின் சிறு நகல் ஒன்றும் இருக்கும். வெட்டும்போது இந்த நகலை மாற்றாமல் விட்டுவிடும் மென்பொருள்கள் உண்டு. அப்போது மேலே வெட்டப்பட்ட படமும், உள்ளே வெட்டப்படாத படமும் சேர்ந்தே பிரயாணம் செய்யும்.

* * *

வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் இவ்விஷயத்தில் என்ன ஆகின்றன என்று நேயர்கள் கேட்கக் கூடும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இந்தக் குறிப்பை நீக்கிவிட்டே அனுப்புகிறது. அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் குறிப்பு அப்படியே போகிறது. இ-மெயிலில் இணைத்து அனுப்பினாலும் அப்படியே. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் போடும் படங்களின் குறிப்பைப் பார்க்கிறவர்கள் காண முடியாது. ஆனால் அவற்றை நடத்தும் மெட்டா கம்பெனியார், படங்களின் மீத்தரவைத் தாங்கள் சேகரிப்பதாகத் தங்கள் கொள்கை அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குறிப்பை நீக்குவது நல்லது என்றுதானே தோன்றுகிறது? அந்நியருக்கு அனுப்பும்போது நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தங்கை எடுத்த படம் குடும்பக் குழுவுக்கு வருகிறது. எல்லாரும் அந்த நகலைச் சேமித்துக் கொள்கிறார்கள். தங்கையோ செல்போனில் இடமில்லை என்று மூலப் படத்தை அழித்துவிடுகிறாள். பத்து வீட்டில் படம் இருக்கிறது. ஒரு வீட்டிலும் அதன் முதுகு இல்லை! பொக்கிஷத்தை அழிக்கிறோம் என்று மேலே கூறியது இதைத்தான்.

அழிந்தது வெறும் ஞாபகம் மட்டுமன்று. சில சமயம் அது சாட்சியாகவும் இருக்கலாம். வெள்ளம் புகுந்த வீடு, மோதி நசுங்கிய வண்டி, இடித்துத் தள்ளப்பட்ட மதில் சுவர், இவற்றை நாம் படமெடுப்பது பிற்பாடு ஒரு நியாயம் கேட்பதற்காகவே. வெள்ளைக்காரர் காலத்தில் 1872-ல் இயற்றிய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ல் நம் பார்லிமெண்டு நிறைவேற்றிய பாரதீய சாக்ஷ்ய அதிநியமம் 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சமர்ப்பிக்கும்போது அத்தாட்சிப் பத்திரம் ஒன்றும் தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பு முழுவதையும் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். கை மாறிக் கை மாறிச் சுருங்கி வந்த நகலின் கைரேகை, மூலத்தின் கைரேகை ஆகாது. ஆகவே, வழக்குக்கு உதவக் கூடிய படம் என்றால் எடுத்த கோப்பையே தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் குறிப்பு மட்டுமே சத்தியத்தை நிலைநாட்டிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்போன் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். 'எக்ஸிஃப்டூல்' என்று 2003 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கலாம், அழிக்கலாம், மாற்றியும் எழுதலாம். அதனால் இணையத்தில் உலவும் ஒரு படத்தைப் பார்த்து, "தேதி இருக்கிறது, ஆகவே மெய்" என்று முடிவு கட்டுவது தவறு. "குறிப்பே இல்லை, ஆகவே பொய்" என்று முடிவு கட்டுவதும் தவறு. வழியில் வாட்ஸ்அப் அதை உரித்திருக்கலாம் அல்லவா?

* * *

அப்படியானால் குடும்பஸ்தர்கள் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, முதுகைப் பார்க்கப் பழக வேண்டும். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் படத்தை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் நாளும் இடமும் கருவியும் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' என்ற பகுதியில் 'டீடெயில்ஸ்' என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, வெளியாருக்கு அனுப்பும் படத்திலிருந்து இடக் குறிப்பை நீக்க வேண்டும். ஐபோனில் பகிரும்போதே 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு 'லொகேஷன்' என்பதை நிறுத்திவிடலாம். விண்டோஸில் மேற்சொன்ன பக்கத்தின் அடியிலேயே சொந்த விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. நீக்குவதை நகலில் செய்யுங்கள், மூலத்தில் செய்யாதீர்கள். இடமே பதிவாக வேண்டாம் என்பவர்கள் காமிராவுக்கு இருப்பிட அனுமதியை அடியோடு மறுத்துவிடலாம். ஆனால் யாத்திரை போகும்போது அந்த அனுமதியைக் கொடுத்து வைத்தால், பத்து வருஷம் கழித்து எந்தக் கோயில் கோபுரம் எது என்ற சண்டை வராது.

மூன்றாவது, வருஷத்துக்கு ஒரு முறையாவது மூலப் படங்களை வேறொரு தட்டிலோ கம்ப்யூட்டரிலோ சேர்த்து வைக்க வேண்டும். உறவினர் எடுத்த படங்களை 'டாக்குமெண்ட்' வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு, அதுதான் முக்கியம். கருவி இவ்வளவு எழுதினாலும், படத்தில் இருப்பவர் யார் என்பதை அது எழுதாது. எக்ஸிஃப் விதியிலே பெயர்களுக்கும் விவரங்களுக்கும் உரிய கட்டங்கள் வெகு காலம் 'ஆஸ்கி' என்ற ஆங்கில எழுத்து முறைக்கே உரியனவாயிருந்தன. மொத்தம் 128 குறிகள். அவற்றில் நம் 'அ'கரத்துக்கு இடமில்லை. 2001-ல் அடோபி கம்பெனி கொண்டு வந்த 'எக்ஸ்.எம்.பி.' என்ற மற்றொரு முறையில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. எக்ஸிஃப் விதியோ 2023-ம் ஆண்டு மே மாதம் வெளியான 3.0 பதிப்பில்தான் உலக மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் அந்தக் கட்டங்களில் ஏற்றுக் கொண்டது. நாம் அதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'டைட்டில்' என்ற கட்டத்தில் தமிழிலேயே எழுதிச் சேர்த்தால் அது கோப்போடு நிற்கும்.

சத்தியாக்கிரகத் தொண்டர்கள் குழுவாக நிற்கும் பழைய படங்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நடுவில் நிற்கும் தலைவரின் பெயர் தெரியும். ஓரத்தில், கதர்ச் சட்டையுடன், அடிபடத் தயாராக நிற்கும் இளைஞரின் பெயரோ பெரும்பாலும் தெரிவதில்லை. அன்று அதை அறிந்தவர் எத்தனையோ பேர் இருந்தார்கள். எழுதி வைக்கத்தான் ஒருவரும் இல்லை. இன்று நம் வீட்டில் பெயர்களைச் சொல்லக் கூடிய பாட்டி ஒருவர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்லும் பெயர்களைத் தமிழில் எழுதிச் சேருங்கள். மணியையும் ஊரையும் கருவி பார்த்துக் கொள்ளும்.